கிணறு ஒன்று, கூட்டாளிகள் இரண்டு பேர்

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் போகிறவர்கள் ஏதாவது ஒரு பழைய கிணற்றை எட்டிப் பார்க்க வேண்டும். மேலே கல் கட்டிய அகலமான வாய். ஒரு பக்கம் கவலை இறைத்த காலத்துக் கல்தூண்கள், வடக்கயிறு அறுத்து அறுத்து உண்டான பள்ளத்தோடு நிற்கும். அதை ஒட்டி ஓடு சரிந்த மோட்டார் ரூம். குனிந்து உள்ளே பார்த்தால் பாதி ஆழத்தில் பழைய மோட்டாரை உட்கார வைத்த திட்டு தெரியும். தண்ணீர் இறங்க இறங்க மோட்டாரையும் இறக்கி வைத்திருக்கிறார்கள். கிணற்றின் அடித்தரை காய்ந்து கிடக்கும், அதன் நடுவே உள்போர் போட்ட குழாய் தலையை நீட்டிக்கொண்டிருக்கும். கொஞ்சம் தள்ளி, கிணற்றையே கைவிட்டுவிட்டுப் புதிதாகப் போட்ட ஆழ்துளைக் கிணறு. அதன் வாயிலிருந்து புறப்படும் குழாயில் ஒரு பில்டர், உரத்தைத் தண்ணீரில் கலந்துவிடும் ஒரு வெஞ்சுரி. அங்கிருந்து கறுப்பு லேட்டரல் குழாய்கள் தக்காளி வரிசைகளுக்குள் ஓடும்.

நூறு வருட வரலாறு ஐம்பதடித் தூரத்துக்குள் கிடக்கிறது. இதில் கவலைத் தூணைத் தவிர மற்ற எல்லாமே அரசும் தனியார் கம்பெனியும் கைகோத்ததால் வந்தவை. வளரும் நாடுகளில் விவசாயத்தை நிலைத்து நிற்க வைக்க அரசும் தனியாரும் சேர வேண்டும் என்று இன்றைக்கு மாநாடு மாநாடாகப் பேசுகிறார்கள். நம் ஊர்க் கிணற்று மேட்டில் அந்தக் கூட்டு இரண்டு முறை நடந்திருக்கிறது. முதல் முறை கிணறு வற்றியது. இரண்டாவது முறையின் கணக்கு இன்னும் முடியவில்லை.

கவலைக் காலத்தைப் பற்றி ஏக்கத்தோடு எழுதுகிறவர்கள் இறைத்தவர்கள் அல்ல, கேட்டவர்கள். விடியற்காலையில் இரண்டு மாடு பூட்டி, சரிவில் இறக்கி, பின்னாலேயே ஏற்றி, தோல் பறியில் வரும் தண்ணீரை வாய்க்காலில் கொட்டி, மறுமுனையில் ஒருவர் மண்வெட்டியோடு நின்று மடை மாற்ற வேண்டும். காலை முழுக்க இறைத்தாலும் அரை ஏக்கர் நனைந்தால் பெரிது. கிணற்றடியில் கொஞ்சம் கேழ்வரகு, மிளகாய், கத்தரி; மற்றதெல்லாம் வானம் பார்த்த சாமையும் கடலையும். மழை ஏமாற்றினால் பஞ்சம்தான். பறி தைத்தவருக்கும் உருளை செய்த ஆசாரிக்கும் களத்தில் தானியம் அளந்தார்கள். அளவு எப்போதும் நிலம் வைத்திருந்தவர் சொன்ன அளவுதான்.

ஆனால் அந்த ஏற்பாட்டில் யாரும் திட்டமிடாமலேயே ஒரு கட்டுப்பாடு இருந்தது. மாடு களைத்துப் போகும். கிணறு ஆழமானால் மாடு இழுக்காது. ஆகவே ஒரு நாளில் எவ்வளவு எடுக்கலாம் என்பதை மாட்டின் மூச்சு தீர்மானித்தது. மழைநீர் உள்ளே இறங்கிய வேகத்தை மனிதன் வெளியே எடுத்த வேகம் தாண்டவில்லை.

அந்தக் கட்டுப்பாட்டை உடைத்தது முதல் கூட்டு. 1932-ல் நீலகிரியில் பைகாரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. மின்சாரம் கோவைக்கு இறங்கியது. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து உருவாக்கியதுதான் இந்தியாவின் முதல் உள்நாட்டு மின்மோட்டார் என்று கோவைக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அந்த ஊரின் பட்டறைகள் பிறகு நாடு முழுக்கக் கிணறுகளுக்கு மோட்டார் பம்ப் செய்து அனுப்பின. கம்பியும் கம்பமும் அரசுடையது. மோட்டார் தனியாருடையது. வாங்கக் கடன் கொடுத்தது நிலவள வங்கி. ஒப்பந்தம் என்று யாரும் கையெழுத்துப் போடவில்லை, அறிக்கை வெளியிடவில்லை. ஆனாலும் தமிழ்நாட்டு விவசாயத்தை இதைவிட அதிகமாக மாற்றிய அரசு-தனியார் கூட்டு வேறு இல்லை. மேட்டு நிலத்தில் நெல்லும் கரும்பும் மஞ்சளும் வந்தது இதனால்தான். ஒரு தலைமுறை பிள்ளைகள் கல்லூரிக்குப் போனதும் இதனால்தான்.

மின்கட்டணம் உயர்ந்தபோது விவசாயிகள், விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடுவின் பின்னால் திரண்டார்கள். 1970-களில் நடந்த அந்தப் போராட்டங்களில் துப்பாக்கிச் சூட்டுக்கு உயிர்கள் போயின. பிறகு 1984-ல் சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும். இன்று ஏறத்தாழ 23 லட்சம் விவசாய இணைப்புகள் இலவசம். இலவச மின்சாரத்தைக் குறை சொல்லும் நகரத்து வாதத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. கால்வாய்ப் பாசனக்காரருக்கு அரசு அணை கட்டித் தண்ணீரைக் கிட்டத்தட்டச் சும்மாவே தருகிறது. கிணற்றுக்காரர் சொந்தக் காசில் கிணறு வெட்டுகிறார். அவருக்கு மின்சாரமாவது இலவசம் என்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மீட்டர் போனதோடு கணக்கும் போய்விட்டது. எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு தண்ணீர் வெளியே வந்தது என்று கிணற்றுக்காரருக்கும் தெரியாது, மின்வாரியத்துக்கும் தெரியாது. களைத்துப் போக அங்கே மாடும் இல்லை.

கிணறு காய்ந்தது. உள்போர் போட்டார்கள், சைடு போர் போட்டார்கள். பிறகு ரிக் வண்டி வந்தது. முந்நூறு அடி, அறுநூறு அடி, ஆயிரம் அடி. போர் போட்டு ஏமாந்த கடனில் நிலம் விற்ற குடும்பங்கள் இந்த மாவட்டங்களில் ஏராளம். 2020-ல் எடுத்த கணக்கில் தமிழ்நாட்டின் 1,166 பிர்காக்களில் (பல ஊர்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவு) 435 அளவுக்கு மீறி நிலத்தடி நீர் உறிஞ்சப்பட்டவை. பாதுகாப்பானவை 409 மட்டும்.

இரண்டாவது கூட்டு வந்தபோது கிணறுகள் இந்த நிலையில்தான் இருந்தன. சொட்டுநீர் என்ற உத்தி இஸ்ரேலில் பிறந்தது. 1965-ல் நெகேவ் பாலைவனத்தின் ஒரு கூட்டுப் பண்ணையில் நெட்டாஃபிம் நிறுவனம் தொடங்கியது. இந்தியாவில் அதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் மகாராஷ்டிரத்தின் ஜல்காவ் நகரைச் சேர்ந்த பவர்லால் ஜெயின். அவருடைய ஜெயின் இரிகேஷன் நிறுவனம் பின்னாளில் நம் உடுமலைப்பேட்டை வரை வந்தது. ஆனாலும் நீண்ட காலம் சொட்டுநீர் என்பது திராட்சைத் தோட்டக்காரர், தென்னந்தோப்புக்காரர் சமாச்சாரம். இரண்டு ஏக்கர் தக்காளிக்காரர் அதைக் கண்காட்சியில் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்.

தர்மபுரியில் அது மாறியது 2004-ல். கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்ததும் அதே ஆண்டில்தான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இரண்டு மாவட்டங்களிலும் துல்லிய பண்ணையத் திட்டத்தைத் தொடங்கியது. மூன்று ஆண்டு, 400 எக்டேர், 7.20 கோடி ரூபாய். பொறுப்பு பேராசிரியர் இ. வடிவேலிடம். முதல் ஆண்டில் விவசாயிகள் சேரவே தயங்கினார்கள். நான்கு வருடம் தொடர்ந்து வறட்சி, பயிர் போய், கையில் காசில்லாத நேரம். அரசு ஆள் வந்து குழாய் தருகிறேன் என்றால் பின்னால் என்ன பிடுங்கப் போகிறாரோ என்ற சந்தேகம் இயல்புதான்.

இந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்தது அதன் மானிய ஏணி. முதல் 100 எக்டேருக்கு முழு மானியம். அடுத்த ஆண்டு 200 எக்டேருக்கு 90 சதவீதம். கடைசி 100 எக்டேருக்கு 80 சதவீதம். முதலில் துணிந்தவருக்கு இலவசம். பக்கத்து வயலில் விளைந்ததைப் பார்த்துவிட்டு வருகிறவர் கொஞ்சம் கையிலிருந்து போடட்டும். மானியம் ஏறிக்கொண்டே போகும் நாட்டில் இறங்கிக்கொண்டே போன மானியம் அபூர்வம். அப்படி இறங்கியும் ஆட்கள் சேர்ந்தார்கள்.

வயலில் என்ன செய்தார்கள்? உளிக்கலப்பை விட்டு அடிமண்ணின் இறுக்கத்தை உடைத்தார்கள். பாத்தியைத் தரையோடு போடாமல் மேட்டுப்பாத்தியாக உயர்த்தினார்கள். நாற்றை வயல் மூலையில் விடாமல், தென்னை நார்க்கழிவு நிரப்பிய குழித்தட்டுகளில், நிழல்வலைக் குடிலுக்குள் வளர்த்தார்கள். ஒரு குழிக்கு ஒரு விதை. வீரிய ஒட்டு விதையின் விலைக்குக் கை தவறி இரண்டு விதை விழுந்தால் வயிறு எரியும். வேர் அறுபடாமல் தட்டிலிருந்து அப்படியே பிடுங்கி நட்டார்கள். நீரில் கரையும் உரத்தை வெஞ்சுரி வழியே தண்ணீரோடு விட்டார்கள். ஒரே நாளில் மூட்டை பிரித்துக் கொட்டியதை, கொஞ்சம் கொஞ்சமாகப் பயிரின் வயதுக்கு ஏற்பக் கொடுத்தார்கள். பல்கலைக்கழக விஞ்ஞானி வாரந்தோறும் வயலில் நின்றார். குழாய், விதை, உரம், மருந்து எல்லாம் தனியார் கம்பெனிகளின் சரக்கு. விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து, சங்கமாகப் பதிந்து, கடைக்காரர் வாங்கும் விலைக்கே உரத்தைப் பேசி வாங்கினார்கள். பின்னர் தர்மபுரி விவசாயிகளே பங்கு போட்டுக் கம்பெனி தொடங்கி இடுபொருள் விற்கும் அளவுக்குப் போனார்கள்.

விளைச்சலை அளந்தவர்கள் தக்காளியில் 80 சதவீதமும் கத்தரியில் 34 சதவீதமும் கூடியதாக எழுதியிருக்கிறார்கள். அதில் சொட்டுநீரின் பங்கு எவ்வளவு, விதையின் பங்கு எவ்வளவு, பக்கத்தில் நின்ற விஞ்ஞானியின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. என் கணிப்பில் மூன்றாவதுதான் பெரிது. அந்தத் திட்டம் முடிந்த பிறகு நாடு முழுக்கப் பரவியது குழாய்தான். விஞ்ஞானி பரவவில்லை.

இன்னொன்று யாரும் திட்டமிடாமலேயே பரவியது. பாலக்கோடு, ராயக்கோட்டை வட்டாரத்தில் இன்று தக்காளி நாற்றைச் சொந்தமாக விடுகிறவர் குறைவு. வழியெங்கும் தனியார் நாற்றுப் பண்ணைகள். விதையைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் சரி, அவர்களே விதை போட்டாலும் சரி, குறித்த நாளில் தட்டோடு வண்டியில் ஏற்றி அனுப்புகிறார்கள். இதற்காக எந்த அமைச்சரும் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. பல்கலைக்கழகம் செய்து காட்டியது, நாலு பேர் லாபம் பார்த்தார்கள், தொழில் நிலைத்தது. அரசும் தனியாரும் சேர்வதற்கு இதைவிட ஆரோக்கியமான வழியை நான் பார்த்ததில்லை.

இதே காலத்தில் ஆந்திரம் 2003-ல் நுண்ணீர்ப் பாசனத் திட்டத்தைத் தனியே தொடங்கியிருந்தது. குஜராத் 2005-ல் அதற்கென்றே கம்பெனி அமைத்தது. இரண்டு உர ஆலைகளும் மாநில வேளாண் தொழில் கழகமும் அதன் பங்குதாரர்கள். விவசாயி தன் பங்கைக் கட்ட வேண்டும், போட்ட குழாயை மூன்றாம் தரப்பு வந்து சரிபார்க்க வேண்டும் என்பது அங்கே விதி. மத்திய அரசின் நுண்ணீர்ப் பாசனத் திட்டம் 2006-ல் வந்தது. 2015-ல் அது பிரதமரின் கிருஷி சிஞ்சாயி யோஜனாவுக்குள் சேர்ந்தது. மத்திய விதிப்படி சிறு, குறு விவசாயிக்கு 55 சதவீதம், மற்றவருக்கு 45. தமிழ்நாடு தன் கையிலிருந்து மீதியைப் போட்டு, சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதமும் மற்றவருக்கு 75 சதவீதமும் ஆக்கியது. எக்டேருக்கு ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும் கருவி, ஐந்து ஏக்கருக்குள் இருப்பவருக்குக் காசில்லாமல் கிடைக்கிறது. இந்தியாவில் இவ்வளவு கொடுக்கும் மாநிலங்கள் மிகக் குறைவு.

இன்றைக்கு நடைமுறை இப்படி. சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார், தாசில்தாரிடம் வாங்கிய சிறு விவசாயி சான்று. இவற்றோடு இணையத்தில் பதிவு. பதியும்போதே எந்தக் கம்பெனி வேண்டும் என்று விவசாயியே தேர்ந்தெடுக்கலாம். கம்பெனி ஆள் வந்து நிலத்தை அளந்து வரைபடம் போடுவார். தோட்டக்கலைத் துறை அல்லது வேளாண்மைத் துறை அனுமதி தரும். குழாய் வரும், பதிப்பார்கள், அதிகாரி பார்ப்பார், வயலில் நின்று இருப்பிடக் குறியோடு புகைப்படம் எடுப்பார்கள். மானியம் நேராகக் கம்பெனிக் கணக்குக்குப் போகும். விவசாயி கையெழுத்துப் போடுகிறார், காசைக் கண்ணால் பார்ப்பதில்லை. ஏழு ஆண்டு கழித்துத்தான் அதே நிலத்துக்கு மறுபடி கேட்க முடியும்.

வயலில் மாற்றம் நிஜம். மும்முனை மின்சாரம் முறை வைத்து வந்த காலத்தில் ராத்திரி ஒரு மணிக்கு டார்ச் லைட்டோடு மடை மாற்றப் போனவர், பாம்புக்குப் பயந்தவர், இன்றைக்கு வால்வைத் திருப்பிவிட்டு வந்து படுக்கிறார். வரிசைக்கு நடுவே ஈரம் இல்லாததால் களை குறைவு. களையெடுப்பு குறைந்தது நிலக்காரருக்கு லாபம், களையெடுக்கும் பெண்களுக்கு அத்தனை நாள் கூலி நஷ்டம். இதை எந்தத் திட்ட அறிக்கையும் எழுதுவதில்லை.

கருவியின் ஆயுள் தண்ணீரைப் பொறுத்தது. போர்த் தண்ணீர் உப்பு. டிரிப்பர் வாயில் வெள்ளையாகப் படியும். முதலில் கடைசிச் செடி வாடும். லேட்டரலின் நுனியைத் திறந்துவிட்டால் பழுப்புத் தண்ணீர் கொட்டும். அவ்வப்போது ஆசிட் விட்டுக் கழுவ வேண்டும், பில்டரைத் தினமும் திறந்து தேய்க்க வேண்டும். கோடையில் தண்ணீர் தேடும் எலியும் அணிலும் குழாயைக் கடித்து வைக்கும். ஜாயிண்டர் ஒன்று சில ரூபாய்தான், ஆனால் அந்த அளவில் கடையில் கிடைக்க வேண்டுமே. கம்பெனி பொருத்திவிட்டுப் போன பிறகு சர்வீஸ் ஆள் போனை எடுப்பதில்லை என்பது ஊர் ஊராகக் கேட்கும் புகார்.

ஏன் எடுப்பதில்லை? கம்பெனிக்கு வாடிக்கையாளர் யார் என்று யோசித்தால் புரியும். காசு கொடுப்பது துறை. அதிகாரி கையெழுத்திட்டுப் புகைப்படம் ஏறியதும் கம்பெனியின் வியாபாரம் முடிந்தது. விவசாயி அங்கே பயனாளி. வாடிக்கையாளருக்கு இருக்கும் கோபிக்கும் உரிமை பயனாளிக்கு இல்லை. கரும்பு ஆலைகள் தங்கள் பகுதியில் சொட்டுநீர் போட வைக்கும்போது நிலைமை கொஞ்சம் வேறு. குழாய் அடைத்தால் கரும்பு குறையும், கரும்பு குறைந்தால் ஆலைக்கு நஷ்டம். அதனால் ஆலையின் கரும்பு அலுவலர் வயலுக்கு வருகிறார். விளைச்சலில் பங்குள்ள கூட்டாளியும் பில்லில் மட்டும் பங்குள்ள கூட்டாளியும் ஒன்றாக நடந்துகொள்ள மாட்டார்கள்.

கம்பெனிகள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. மானியம் என்றைக்கு வரும் என்பது நிச்சயமில்லை. சரக்கைக் கொடுத்துவிட்டு அரசுப் பாக்கிக்காகக் காத்திருக்க வேண்டும், அதுவரை வங்கி வட்டி ஓடும். நாட்டின் மிகப் பெரிய சொட்டுநீர் நிறுவனமான ஜெயின் இரிகேஷன் 2019-ல் கடன் தவணை கட்ட முடியாமல் தடுமாறியது. அரசுகளிடமிருந்து வரவேண்டிய தொகை தாமதமானதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. 2023-ல் அது தன் வெளிநாட்டுப் பாசன வியாபாரத்தை வேறொரு நிறுவனத்தோடு இணைத்துக் கடனைக் குறைத்துக்கொண்டது. நேரத்துக்குப் பணம் தராத கூட்டாளியோடு தொழில் செய்கிறவர் எங்காவது சிக்கனம் பிடிப்பார். பெரும்பாலும் அது குழாயின் கனத்தில் இருக்கும், அல்லது சர்வீஸில்.

முழு மானியத்தை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. 50 சதவீதம் இருந்த காலத்தில் மீதிப் பாதியைப் போட முடிந்தவர்கள்தான் வாங்கினார்கள், அதாவது பெரிய விவசாயிகள். நூறாக ஆக்கிய பிறகுதான் இரண்டு ஏக்கர்க்காரர் உள்ளே வந்தார். ஆனால் பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்து, மூன்றாவது ஆண்டில் குழாய் ஓடுகிறது என்று விவசாயி கையெழுத்திட்டால்தான் விடுவிப்போம் என்றால் சர்வீஸ் ஆள் போனை எடுப்பார்.

இந்தக் கூட்டில் இடமே கிடைக்காத ஒருவர் குத்தகைக்காரர். அவரும் விண்ணப்பிக்கலாம், ஏழு ஆண்டுக் குத்தகைப் பத்திரம் வேண்டும் என்கிறது மத்திய விதி. நம் ஊரில் எந்த நிலக்காரர் ஏழு ஆண்டுக்கு எழுதிக் கொடுப்பார்? எழுதிக் கொடுத்தால் நிலம் போய்விடும் என்ற பயம் குத்தகைச் சட்டங்கள் வந்த நாளிலிருந்து இருக்கிறது. எல்லாம் வாய்மொழிதான். ஆக, அடுத்தவர் நிலத்தில் மண்வெட்டி பிடிக்கிறவருக்கு மடை மாற்றும் வேலை இன்னும் தீரவில்லை.

இனி தண்ணீருக்கு வருவோம். வாய்க்காலில் விடுவதைவிடச் சொட்டுநீரில் மூன்றில் ஒரு பங்கு அல்லது அதற்கும் மேல் மிச்சம் என்பது வயல் அளவில் உண்மை. அந்த மிச்சம் எங்கே போகிறது? ஒரு ஏக்கர் தக்காளி போட்டவரிடம் அதே தண்ணீருக்கு ஒன்றரை ஏக்கர் நனைகிறது என்றால் அவர் ஒன்றரை ஏக்கர் போடுவார். நானாக இருந்தாலும் போடுவேன். தரிசாகக் கிடந்த மேட்டுக்குக் குழாய் ஏறும், கேழ்வரகு இருந்த இடத்தில் வாழை வரும். வாய்க்காலில் வீணாகிறது என்று நாம் சொன்ன தண்ணீரில் ஒரு பங்கு பூமிக்குள் இறங்கிக் கிணற்றுக்கே திரும்பிக்கொண்டிருந்தது, அதுவும் நின்றுபோனது. ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 2017-ல் பல நாட்டு அனுபவங்களைத் தொகுத்து ஓர் அறிக்கை வெளியிட்டது. தண்ணீர் எடுப்பதற்கு வரம்பு வைக்காமல் நவீனப் பாசனக் கருவியை மட்டும் கொடுத்த இடங்களில் நீர்ச் செலவு பொதுவாகக் குறையவில்லை, பல இடங்களில் கூடியது என்பதுதான் அதன் சாரம்.

மொராக்கோவைப் பாருங்கள். 2008-ல் பசுமை மொராக்கோ திட்டம் என்று தொடங்கி, சொட்டுநீருக்கு 80 முதல் 100 சதவீதம் மானியம் கொடுத்தார்கள். விளைச்சலும் ஏற்றுமதியும் பெருகின. நிலத்தடி நீர் இறங்குவது நிற்கவில்லை. அதே நாட்டின் சூஸ் பகுதியில் எல் கெர்டேன் என்ற இடத்தில் போர் வற்றிய 10,000 எக்டேர் ஆரஞ்சுத் தோட்டங்களுக்குத் தொலைதூர அணைத் தண்ணீரைக் குழாயில் கொண்டுவர 2004-ல் ஒரு தனியார் கூட்டமைப்புக்கு உரிமம் தரப்பட்டது. பாசனத்தில் அரசு-தனியார் கூட்டுக்கு உலகின் முதல் எடுத்துக்காட்டு என்று அதைக் கொண்டாடுவார்கள். இணைப்புக்குக் காசு கட்ட முடிந்த தோட்டக்காரர்கள் பிழைத்தார்கள். கட்ட முடியாதவர்களின் கதை கொண்டாட்டத்தில் வருவதில்லை.

வேறு வழியில் முயன்றவர்களும் இருக்கிறார்கள். பஞ்சாப் 2018-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. இலவச மின்சாரத்தைப் பிடுங்காமல், ஒதுக்கிய அளவில் மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் விவசாயிக்கு 4 ரூபாய் தருவது. தண்ணீரைக் கிணற்றிலேயே விட்டு வைப்பதற்குக் காசு! ஒன்றுபட்ட ஆந்திரத்தின் ஏழு வறண்ட மாவட்டங்களில் அதற்கு முன்பே தொண்டு நிறுவனங்கள், உணவு வேளாண் அமைப்பின் உதவியோடு, விவசாயிகளையே கிணற்று நீர்மட்டத்தையும் மழையையும் அளந்து எழுத வைத்தன. பருவத் தொடக்கத்தில் ஊர் கூடி, இருக்கும் தண்ணீருக்கு என்ன பயிர் போடலாம் என்று பேசியது. அதில் குழாய் விற்க ஒன்றுமில்லை. அதனால்தானோ என்னவோ, எந்தக் கம்பெனியும் அதைப் பரப்ப முன்வரவில்லை.

தமிழ்நாட்டுக்கு வந்தால், 2003-ல் சட்டமன்றம் நிலத்தடி நீர் மேம்பாடு, மேலாண்மைச் சட்டம் நிறைவேற்றியது. அது நடைமுறைக்கு வராமலே பத்து ஆண்டு கிடந்தது. 2013-ல் ரத்து செய்தார்கள். ஊரோடு சேர்ந்து நிலத்தடி நீரைக் கணக்கிடும் மத்திய அரசின் அடல் பூஜல் திட்டம் ஏழு மாநிலங்களோடு தொடங்கியது. அந்தப் பட்டியலில் தமிழ்நாடு இல்லை. சொட்டுநீர் போடுகிறவருக்குத் துணை மானியமாக மின்மோட்டாருக்கு 15,000 ரூபாயும், தரைமட்டத் தொட்டிக்குத் தனியே ஒரு தொகையும் கொடுக்கிறோம். பாதுகாப்பான பிர்காவாக இருந்தால் போர் போடவும் 25,000. எடுப்பதற்கான எல்லாக் கருவிக்கும் மானியம் இருக்கிறது. எடுக்காமல் விட்டதற்கு ஒரு ரூபாய் இல்லை.

விலை ஒரு தனிக் கதை, இரண்டு வரியில் முடிக்கிறேன். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளைச்சல் கூடினால் ராயக்கோட்டை மண்டியில் தக்காளிப் பெட்டி பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் போகும்; ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போவார்கள். விளைய வைப்பதில் கூட்டாளியாக வந்த அரசும் கம்பெனியும் விற்கும் இடத்தில் காணாமல் போவது இருபது வருடமாக மாறவில்லை.

இரண்டாவது கூட்டு முதலாவதைவிட நல்லதா என்று கேட்டால், விவசாயிக்கு நல்லது, சந்தேகமே இல்லை. கிணற்றுக்கு நல்லதா என்று கேட்டால், இன்னும் இல்லை. செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. மானியத்தில் போகும் ஒவ்வொரு சொட்டுநீர் அமைப்போடும் சில ஆயிரம் ரூபாயில் ஒரு தண்ணீர் மீட்டர் சேர்த்துப் பொருத்துங்கள். அது பில் போட அல்ல, கணக்குத் தெரிய. கிராமசபை கூடும்போது உங்கள் பிர்கா எந்தப் பட்டியலில் இருக்கிறது, போன வருடம் நீர்மட்டம் எத்தனை அடி இறங்கியது என்று கேளுங்கள். அந்த எண்கள் அரசிடம் இருக்கின்றன, கேட்டால் சொல்லித்தான் ஆக வேண்டும்.